பட்டியல் முடியும் எண்

அன்று காலை அவர் கடைசியாகக் கேட்டது ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கச் சொல்லித்தான்.

ஊர் முழுக்கத் தையல் மெஷின்களைப் பிரித்து மாட்டுகிற மனிதர். மெஷினின் வயிற்றுக்குள் கையை விட்டு, பார்க்காமலேயே எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் ஊசிக் காதில் நூல் நுழைக்க மட்டும் ஐம்பத்தாறு வயதில் கண் ஒத்துழைக்கவில்லை. சட்டையைக் கழற்றாமல், அறுந்த பொத்தானை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"திருத்தம்மா, இதைக் கொஞ்சம் கோத்துக் குடு."

அவள் ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்துகிறவள். கல்யாணமான புதிதில் அவர் எழுதிய கடிதத்தைச் சிவப்புப் பேனாவால் திருத்தி அவருக்கே திருப்பி அனுப்பினாள். அன்று அவர் வைத்த பெயர் அது.

"போட்டுக்கிட்டே தைக்காதீங்க. கழட்டுங்க."

"கழட்டினா திரும்ப ஆறு பட்டன் போடணும். இது ஒண்ணோட போயிடும்."

"குத்திக்கிட்டா என்கிட்ட வராதீங்க."

"சரி, பக்கத்து வீட்டம்மாகிட்ட போறேன்."

"போங்களேன். அந்தம்மா பட்டனோட சேர்த்து உங்க வாயையும் தைச்சு அனுப்பும்."

அவர் சிரித்த சிரிப்பில் நூல் காதை விட்டு விலகியது. அவள் நாக்கில் தொட்டு இன்னொரு முறை கோத்துக் கொடுத்தாள். அவர் தைத்தார், நூலைப் பல்லால் கடித்தார், கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. முந்நூறு பக்கப் புத்தகம், மறுநாள் கொடுத்தாக வேண்டும்.

மதியம் ஒரு மணிக்கு வண்டி திரும்பி வரும் சத்தம் கேட்டது. தெருவிலிருந்து அவர்கள் வீட்டுக் கேட்டை நோக்கி ஒரு சந்து சரிந்து இறங்குகிறது. வண்டியைச் சந்தில் நிறுத்தி, இறங்கிக் கேட்டைத் திறந்து, மறுபடி ஏறி உள்ளே கொண்டுவர வேண்டும். வண்டிக் கதவு சாத்தும் ஓசை வந்தது. பிறகு கேட் அதிர்ந்தது. காலால் உதைத்துத் திறக்கிறார் என்று நினைத்து, கையிலிருந்த வரியைப் படித்து முடித்துவிட்டுத்தான் அவள் எழுந்தாள். அந்த வரி என்னவென்று அவளுக்கு இன்னும் தெரியும். ஒரு மரத்தைப் பற்றியது. அதில் பிழை எதுவும் இல்லை.

வண்டிக்கும் கேட்டுக்கும் நடுவில் அவர் இருந்தார்.

மருத்துவமனையிலிருந்து துணிகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். வெட்டி எடுத்த சட்டை. காலையில் தைத்த பொத்தான் மட்டும் அசையாமல் இருந்தது.

*

வண்டி கியர் தானாக மாறுகிற வகை. இடது முழங்கால் தேய்ந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போனதால் மூன்று வருடங்களுக்கு முன் வாங்கியது. மெஷின் தலைகளை ஏற்றிக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போக வசதியாக இருந்தது. குறை முதலில் தெரிந்தது ஒரு துணிக்கடை வாசலில். 'பார்க்' எனும் நிறுத்தக் கியரில் போட்டுவிட்டு வந்த வண்டி, அவர் முதுகைத் திருப்பியதும் குழந்தை தவழ்கிற மாதிரி மெல்ல நகர்ந்தது. ஓடிப்போய் உள்ளே பாய்ந்து பிரேக்கை மிதித்தார். பார்த்தால் கியர்த் தண்டு சரியான இடத்தில்தான் நின்றது.

சர்வீஸ் சென்டரில் ஓட்டிப் பார்த்து, நன்றாகத்தானே இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அவர் நம்பவில்லை. பழைய தையல் மேஜையின் பலகையை அறுத்து ஆப்பு மாதிரி ஒரு கட்டை செய்தார். தூக்க வசதியாக அதில் நாடா கட்டினார். அதற்குப் பிறகு எங்கே இறங்கினாலும், ஒரு நிமிடம்தான் என்றாலும், முதலில் கட்டை இறங்கும், அப்புறம்தான் அவர். வீட்டுக் கேட்டைத் திறக்கிறதற்கும் அதே கதை.

"ஒரு கேட்டைத் திறக்க இவ்வளவு சடங்கா?" என்று அவள் கேட்பாள்.

"உனக்குக் கமா மாதிரி எனக்கு இது," என்பார். "போடலைன்னா எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது."

எட்டு மாதம் இப்படிப் போனது. பிறகு பேப்பரில் அறிவிப்பு வந்தது. அந்த மாடல் வண்டிகளில் கியர் கேபிளைப் பிடித்திருக்கும் ஒரு பிளாஸ்டிக் வளையம் உதிர்ந்துபோகிறது. தண்டு நிறுத்தக் கியரில் இருந்தாலும் உள்ளே பல் பிடிக்காமல் வண்டி நகரலாம். கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைத்துப் புது வளையம் போட்டுத் தருகிறது. கீழே பட்டியல்.

அவர் டார்ச்சை அடித்து, கதவோரத்தில் பொறித்திருந்த எண்ணைப் படித்தார். அவள் பட்டியலைப் பார்த்தாள். பட்டியல் நான்காயிரத்து முந்நூற்றுப் பத்தில் முடிந்தது. அவர்கள் வண்டி நான்காயிரத்து முந்நூற்று இருபத்தேழு. இடமிருந்து வலமாக ஒரு முறை பார்த்தாள். எண்களை வலமிருந்து இடமாகவும் படிக்க வேண்டும் என்பது அவள் தொழிலின் பாடம், கண் ஏமாறாது. அப்படியும் பார்த்தாள். பிறகு அவரை எழுந்து போகச் சொல்லிவிட்டு மூன்றாவது முறையும் பார்த்தாள்.

"நம்மது இல்லீங்க. பதினேழு தள்ளி இருக்கு."

"நல்லாப் பாத்தியா?"

"முப்பது வருஷமா வேற என்ன பண்றேன்?"

மெய்ப்பில் குறி போடாத வரி சரியான வரி. அச்சகத்தில் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள், வேலை அப்படித்தான் நடக்கும். அதே கண்ணோடு அவள் பட்டியலைப் படித்தாள். பட்டியலில் இல்லாத வண்டி நல்ல வண்டி. எட்டு மாதம் முன்பு நகர்ந்ததற்கு அவர் கியரைச் சரியாகப் போடாததுதான் காரணமாக இருக்கும் என்று அவளே சொன்னாள். அவரும் தலையாட்டினார்.

"அப்ப இந்தக் கட்டைக்கு ரிட்டயர்மெண்ட்டா?"

"குடுங்க, என் ரூம் கதவு காத்துல அடிச்சுக்கிட்டே இருக்கு."

அன்றிலிருந்து கட்டை அவள் அறைக் கதவடியில் இருந்தது. கேட் அதிர்ந்த அன்றும் அங்கேதான் இருந்தது, அவள் நாற்காலியிலிருந்து நான்கடி தூரத்தில்.

*

விசாரணை முடிந்து போலீஸ் வண்டியைத் திருப்பிக் கொடுத்ததும் தெருமுனை மெக்கானிக் வந்து பார்த்தார். பத்தாம் நம்பர் ஸ்பேனர் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும் என்பதால் எல்லோருக்கும் அவர் பத்தாம் நம்பர். அவள் கணவரும் அவரும் மணிக்கணக்கில் எண்ணெய்களைப் பற்றிச் சண்டை போட்டவர்கள். வண்டிக்கடியில் படுத்தவர் வெளியே வரும்போது உள்ளங்கையில் பிஸ்கட் தூள் மாதிரி ஏதோ இருந்தது. கூடவே உடையாத பாதி வளையம்.

"அக்கா, இதைப் பாருங்க." கடையிலிருந்து டப்பா ஒன்றைக் கொண்டுவந்து இன்னொரு வளையத்தைப் பக்கத்தில் வைத்தார். "இது லிஸ்ட்ல இருக்கிற வண்டியிலேர்ந்து வந்தது, காயலான் கடைக்குப் போன வண்டி. ரெண்டுலயும் ஓரத்துல சின்னதா ஒரு முக்கோணம் தெரியுதா? ஒரே அச்சுல வார்த்தது."

அவள் பூதக்கண்ணாடியை எடுத்து வந்தாள். முக்கோணம் இரண்டிலும் இருந்தது. ஒரு மூலை இரண்டிலும் ஒரே மாதிரி மழுங்கியிருந்தது.

"நான் ஒரு தடவை கீழ படுத்துப் பாத்திருக்கணும்க்கா," என்றார் பத்தாம் நம்பர். "கட்டையை ஏன் விட்டுட்டேன்னு கேட்டேன். 'வீட்டம்மா பாத்துட்டாங்க, லிஸ்ட்ல இல்ல'ன்னார். நானும் சரின்னுட்டேன்."

வளையங்களை எடுத்துக்கொண்டு அவள் சர்வீஸ் சென்டருக்குப் போனாள். கண்ணாடிச் சுவர், குளிர்ந்த காற்று. மேனேஜர் மரியாதையான மனிதர். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினார்.

"உங்க வண்டி அழைப்புல வரலைம்மா."

"வரலைன்னு தெரியும் சார். வந்திருக்கணும்னு சொல்றேன்."

"முன்னூத்திப் பதினொண்ணுலேர்ந்து வேற இடத்துல செஞ்ச வளையம் போட்டிருக்காங்க. அதுல பிரச்சனை இல்ல."

"இது பழைய வளையம் சார். பாருங்க. மிச்சமிருந்த பெட்டியைத் தூக்கிப் போடாம மாட்டியிருக்காங்க."

அவர் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் பாக்கிறது வேறம்மா, சிஸ்டம் பாக்கிறது வேற. ஒரு படிவம் இருக்கு. எழுதி அனுப்புங்க. எண் சேர்க்கணும்னா அவங்கதான் சேர்க்கணும்."

*

படிவத்தில் இருபத்திரண்டு கேள்விகள். இருபத்தொன்றை ஒரே மூச்சில் எழுதிவிட்டாள். பதினான்காவது மட்டும் வெற்றாகக் கிடந்தது: 'இக்குறையை உரிமையாளர் முன்பே அறிந்திருந்தாரா?'

ஆமாம் என்றால் கட்டையைப் பற்றி எழுத வேண்டும். கட்டையைப் பற்றி எழுதினால் அது ஏன் கதவடிக்குப் போனது என்று எழுத வேண்டும். இல்லை என்று எழுதிவிட்டால் ஒரு வார்த்தையோடு முடிந்துவிடும். ஆறு நாள் அந்தப் படிவம் மேஜை மேல் கிடந்தது.

கணவரின் அக்கா துக்கத்துக்கு வந்தவர் திரும்பிப் போகாமல் கூடவே இருந்தார். வாய்த்துடுக்கான மனுஷி, தம்பிமேல் உயிர். ஏழாம் நாள் காலை காபியோடு அறைக்குள் வந்தவர் கட்டையில் இடித்துக்கொண்டார்.

"என் கால் விரலு போச்சு. இந்த எழவைத் தூக்கி வெளியே போட்டா என்ன?"

"அது கதவுக்குச் செஞ்ச கட்டை இல்ல அண்ணி."

"பின்ன?"

அவள் சொன்னாள். துணிக்கடை வாசலிலிருந்து ஆரம்பித்து, மூன்று முறை பார்த்தது, கட்டையைக் கேட்டு வாங்கியது வரை, ஒன்றையும் விடாமல் சொன்னாள். அண்ணி கட்டில் நுனியில் உட்கார்ந்து டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"லிஸ்ட் விஷயம் எனக்குத் தெரியும்," என்றார் கடைசியில். "அன்னிக்கே போன் பண்ணினான். 'அக்கா, நம்ம வண்டி லிஸ்ட்ல இல்ல'ன்னான். நீ சரியா பாத்தியாடான்னு கேட்டேன். 'நான் எங்க பாத்தேன், அவ பாத்தா. அவ பாத்தா தப்பு இருக்காது'ன்னான்."

அவள் பேனாவின் மூடியைத் திறந்து மூடினாள். மறுபடி திறந்தாள்.

"உன்னைத் திட்டணும்னுதான் இத்தனை நாளா வாயை மூடிக்கிட்டு இருந்தேன்," என்றார் அண்ணி. "திறந்தா நிக்காது, அதான். இப்ப வரவே மாட்டேங்குது." மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். "இதையெல்லாம் அந்தப் படிவத்துல எழுதப் போறியா?"

"எழுதணும்."

"அவங்க பிடிச்சுக்குவாங்க. தெரிஞ்சேதான் ஓட்டினான்னு சொல்லுவாங்க."

"சொல்லுவாங்க."

"அப்புறம் எதுக்குடி? இல்லைன்னு போட்டு அனுப்பு. யார் வந்து பாக்கப் போறா?"

"எட்டு மாசம் ஒரு மனுஷன் கட்டையைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சிருக்காரு அண்ணி. வண்டியில கோளாறு இருக்குன்னு முதல்ல கண்டுபிடிச்சது அவர்தான், அவங்க இல்ல. இல்லைன்னு எழுதினா அவர் கண்டுபிடிச்சது பொய்யாயிடும். தப்பு என்னோடது. அதுக்காக அவர் சரியாப் பாத்ததை அடிச்சு எழுத முடியாது."

காபி ஆறிப்போயிருந்தது. அண்ணி குனிந்து கட்டையைக் கதவடியில் நேராகத் தள்ளி வைத்துவிட்டு, சூடு பண்ணிக் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போனார்.

பதினான்காவது கேள்விக்குக் கொடுத்திருந்த இடம் போதவில்லை. தனித் தாளில் எழுதி இணைத்தாள். பாதி வளையத்தின் படம், முக்கோணத்தின் படம், கட்டையின் படம்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. அவர்களது இழப்புக்கு வருந்துவதாக ஒரு வரி. உரிமையாளர் குறையை முன்பே அறிந்திருந்ததாகத் தாங்களே தெரிவித்திருக்கிறீர்கள் என்று ஒரு வரி. தங்கள் வாகனம் அழைப்புப் பட்டியலுக்கு உட்பட்டதல்ல என்று ஒரு வரி. இரண்டாவது வரியில் ஓரிடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்தது. கை தானாகச் சிவப்புப் பேனாவுக்குப் போனது. எடுத்தாள், அப்படியே வைத்துவிட்டாள்.

அண்ணி வாசித்துப் பார்த்துவிட்டு, "நான் சொன்னேன்ல," என்றார். பிறகு, "பரவால்ல, அவன் பாத்தது இதுல இருக்கு," என்று கடிதத்தை மடித்துக் கொடுத்தார்.

அந்த மாடல் வண்டி எது வந்தாலும் பத்தாம் நம்பர் இப்போது கேட்காமலேயே கீழே படுக்கிறார். முக்கோணம் இருந்தால் வளையத்தை மாற்றிவிட்டு, எண்ணை ஒரு சீட்டில் குறித்து அவளிடம் கொண்டுவந்து தருகிறார். பழைய மெய்ப்புத் தாளின் பின்பக்கத்தில் அவள் ஒரு பட்டியல் போட்டிருக்கிறாள். முதல் எண் நான்காயிரத்து முந்நூற்று இருபத்தேழு. அதற்குக் கீழே முந்நூற்றுப் பதினான்கு, முந்நூற்று நாற்பது, முந்நூற்று நாற்பத்தொன்று. ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமிருந்தும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறாள். ஒவ்வொரு எண் சேரும்போதும் படத்தோடு கம்பெனிக்கு அனுப்புகிறாள். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வருகிறது.

மாதத்தின் முதல் நாள், வேலை தொடங்கும் முன், கம்பெனி இணையத்தில் வெளியிட்டிருக்கும் பட்டியலைத் திறந்து கடைசி வரிக்குப் போகிறாள்.

அது நான்காயிரத்து முந்நூற்றுப் பத்தில்தான் முடிகிறது.