ஆறு மணிக்கு வருபவர்கள்

மார்ச் 11, செவ்வாய். ஒரு தவறு செய்துவிட்டேன். அப்பாவை எடுத்துப்போகும் வண்டியை ஆறு மணிக்கு வரச் சொல்லிவிட்டேன். ஆறு மணி அண்ணனுடைய நேரம். அவசரத்தில் மறந்தேனா, எப்போதுமே அதைப் பற்றி நினைத்ததில்லையா, தெரியவில்லை.

மாலை வகுப்புக்கு வாங்கிய குறிப்பேட்டில் இதை எழுதி மூடிவிட்டு, அவள் வண்டிக்காரருக்கு மறுபடி போன் போட்டாள்.

"அஞ்சரைக்கெல்லாம் முடியாதும்மா. வேற ஒரு வீட்டுக்குப் போகணும்."

அவளுடைய வகுப்பும் ஆறு மணிக்குத்தான். அந்த நேரத்தில் அவள் வீட்டில் இருந்ததே குறைவு. அப்பா இருந்தார்.

அண்ணனுக்குப் பதினோரு வருடமாகக் குரல்கள் கேட்கின்றன. மூன்று பேர். மாத்திரையில் அடங்கினார்கள், போகவில்லை. அவர்களுக்கென்று ஒரு நேரம் ஒதுக்கிப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னதை அப்பாதான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும்போது குரல் வந்தால், அண்ணன் மிஷினை நிறுத்தி, "ஆறு மணிக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வான். ஆறு மணிக்குப் பால்கனியில், சிம் இல்லாத பழைய போனைக் காதில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அவர்களோடு மல்லுக்கட்டுவான். எதிர்வீட்டுக்காரர்களுக்கு அது வெறும் போன் பேச்சு. பக்கத்து நாற்காலியில் அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார்.

விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்ட அப்பா, இப்போது கூடத்தில் கிடந்தார்.

அப்பாவின் தம்பி அவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். "இத்தனை பேர் முன்னாடி இவன் கத்த ஆரம்பிச்சா என்ன பண்ணுவ? ஆஸ்பத்திரியில பேசி வச்சிட்டேன். ஏதாவது ஆச்சுன்னா இன்னைக்கே கொண்டுபோய் விட்டுடலாம்."

"காலையிலேருந்து ஒழுங்காத்தானே இருக்கான் சித்தப்பா?"

"மணி இன்னும் ஆறாகலையே."

அவர் சொல்வதுதான் சரியோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

ஆறு மணியாக ஐந்து நிமிடம் இருக்கும்போது வண்டி வந்தது. அண்ணனைக் காணோம். பால்கனிக் கதவு சாத்தியிருந்தது. அவள் திறந்தாள், பின்னாலேயே சித்தப்பா.

அண்ணன் போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தான்.

"எங்க அப்பா செத்துட்டாரு. அதனால இன்னைக்கு லீவு. நாளைக்கு ஆறு மணிக்கு வாங்க... உனக்கு மட்டும் தனியா சொல்லணுமா? எல்லாருக்கும்தான்."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினான்.

"கேட்டாங்களா?" என்றாள் அவள்.

"ரெண்டு பேர் போயிட்டாங்க. மூணாவது ஆளு முனகிக்கிட்டே இருக்கான். அவன் எப்பவுமே அப்படித்தான், நம்ம சித்தப்பா மாதிரி."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் வந்த பிறகும் சிரிப்பு நிற்கவில்லை.

"உதை வாங்கப்போற நீ," என்றார் சித்தப்பா. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வா, தலைப்பக்கம் நீ பிடி," என்றார்.

அண்ணன் பிடித்தான். படிக்கட்டின் திருப்பத்தில், "மெதுவா, இடது பக்கம் இடிக்கும்" என்று எல்லோருக்கும் சொன்னது அவன்தான்.

வீடு கழுவிவிட்ட பிறகு அவள் குறிப்பேட்டைத் திறந்தாள்.

நாளை: ஏழு மணி வகுப்புக்கு மாற்றித் தருவார்களா என்று கேட்க வேண்டும். ஆறு மணிக்குப் பால்கனி. செய்தித்தாளை எடுத்துக்கொள்ள வேண்டும்.