ரெடி ஐயா

போதகருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஆலய அலுவலகத்தின் சின்ன அறையில், ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார். சட்டைப்பையில் போன் ஓயாமல் அதிர்ந்தது. சபையில் அவருக்கு ‘ரெடி ஐயா’ என்று பட்டப்பெயர். யார் எப்போது கூப்பிட்டாலும் “ரெடி, வாங்க” என்பார். விடுப்பு என்று ஒன்று இருப்பதே மனுஷனுக்கு மறந்துபோயிருந்தது. ஊழியக்காரன் ஓய்வெடுத்தால் பாவம் என்று எந்தப் புண்ணியவான் இவர் காதில் ஓதினானோ!

காலையில் நடந்தது இதுதான். பிரசவத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த பெண் ஒருத்தி, கணவனோடு ஆலோசனைக்கு வந்திருந்தாள். மனதில் இருந்ததையெல்லாம் கொட்டி அழுதாள். இவரும் கேட்டார். கேட்டார் என்றா சொன்னேன்? தலை ஆடியது, அவ்வளவுதான். கடைசியில் கண்ணை மூடி மளமளவென்று ஜெபித்தார்: “ஆண்டவரே, இந்தச் சகோதரியின் வயிற்றில் வளரும் பிள்ளையைப் பத்திரமாய்க் காத்தருளும்!” அது அடுத்து வரவேண்டிய கர்ப்பிணிக்கான ஜெபம். கண்ணைத் திறந்தபோது எதிரே நாற்காலிகள் காலியாக இருந்தன.

மத்தியானம் அவர் மனைவி வந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை. சமாச்சாரம் அதற்குள் அவள் காதுக்கு எட்டிவிட்டது. ஆலோசனைக்கு வருகிறவர்களின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

“என்னங்க ஆச்சு உங்களுக்கு?”

“ஒண்ணுமில்ல. கொஞ்சம் அசதி. சமாளிச்சுக்கலாம்.”

“நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, சொல்லுங்க பாப்போம்.”

யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. பேச்சை முடிப்பது அவருக்குக் கைவந்த கலை. கைகளைக் கோத்துக்கொண்டு, “ஜெபிப்போமா?” என்றார்.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. “நீங்க அப்படிச் சொன்னா ‘எழுந்து போ’ன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா? சபைக்காரங்க அழுது முடிக்கிற வரைக்காவது பொறுப்பீங்க. எனக்கு வாயைத் திறந்ததுமே ஜெபம்! ஆண்டவரைக் கதவுக்குத் தாழ்ப்பாளா வச்சிருக்கீங்களே!”

போதகரின் முகம் சுண்டிப்போயிற்று. அவள் அதோடு விடவில்லை.

“ஆலோசனை சொல்றவரும் ஒருத்தர்கிட்ட போய் மனசு விட்டுப் பேசணும்னு மூத்த போதகர் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரே, போனீங்களா? அடுத்த மாசம், அடுத்த மாசம்னு டிமிக்கி கொடுத்தீங்க. இப்ப யார் தலையில விடிஞ்சிருக்கு பாத்தீங்களா?”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, காலையில் வந்த பெண்ணின் வீட்டுக்குக் கிளம்பினார். வழியெல்லாம் மன்னிப்புக்கு வார்த்தை தேடினார். பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவை வண்டி வண்டியாக வந்தன. தனக்கென்று ஒன்றும் அகப்படவில்லை. அவள் கதவையே திறக்காவிட்டால்? இனி யாரிடமும் வாய்விட்டு அழாமலே இருந்துவிட்டால்?

கதவைத் திறந்தது அவள்தான். கண்கள் வீங்கியிருந்தன.

“தப்புப் பண்ணிட்டேம்மா” என்றார்.

அவள் வழிவிட்டு நின்றாள். “உள்ள வாங்க ஐயா. என் பிள்ளையைப் பத்தி முதல்லேருந்து சொல்றேன். இந்தத் தடவையாவது கேப்பீங்களா?”

‘ரெடி’ என்ற சொல் பழக்கதோஷத்தில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சட்டைப்பையில் போன் வேறு அதிர்ந்தது. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“இப்ப முடியாதும்மா. கேட்டா மறுபடியும் குழப்பிடுவேன். உங்க பிள்ளைக்கு அந்த அநியாயத்தை இன்னொரு தடவை பண்ண மாட்டேன். நான்… நான் தூங்கணும்.”

சொன்னதும் வெட்கம் பிடுங்கித் தின்றது. திட்டுவாள் என்று காத்திருந்தார்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“தூங்கி எழுந்து வாங்க ஐயா. என் பிள்ளை இனிமே எங்கயும் போயிடமாட்டான்.”