நாலாவது மாடிக்கு வந்த பெட்டி

1

இந்தக் கதை என் வீட்டில் நடந்தது. 'நான்' என்று எழுதக் கூச்சமாக இருப்பதால் 'அண்ணன்' என்று எழுதுகிறேன். அண்ணன் குடும்ப மானத்தைக் கட்டிக் காத்தவர். வீட்டைப் பற்றி ஊர் ஒரு வார்த்தை பேசும்படி வைத்ததில்லை.

2

முதல் தொடக்கம்: "நடக்க முடியாத தங்கையைத் தேர்தல்தோறும் அண்ணன் தோளில் சுமந்து…"

(சுமந்தது பொய். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: "நாலாவது மாடியில் இருந்த தங்கையை வீட்டில் ஒருவரும் ஒருநாளும் தடுத்ததில்லை."

இது உண்மை. முப்பத்தோரு வருடங்கள் அண்ணன் இந்த உண்மையின் மேல்தான் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். நாட்டின் தேர்தல் சட்டமும் அதையே சொன்னது: வாக்களிக்கப் போகிற எவரையும் தடுக்கக் கூடாது. அந்த வரிக்குக் கீழ்ப்படிய நாற்காலியை விட்டு எழக்கூட வேண்டாம்.

பிறகு ஒரு திருத்தம் சேர்ந்தது: வர இயலாதவரிடம் வாக்குப்பெட்டி போக வேண்டும்.

3

அந்தத் திருத்தம் ஒரு காலையில் மூச்சிரைக்கப் படியேறி வந்தது. லிஃப்ட் இல்லாத கட்டடம். முன்னால் தேர்தல் அலுவலர் அம்மா, பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு ஊழியர்கள், கடைசியில் ஓட்டை மறைக்கும் அட்டைத் தடுப்பை அணைத்தபடி ஒரு போலீஸ்காரர்.

[ஒரு ஓட்டுக்கு நாலு பேர். இங்கே உவமை தேடினேன். அந்தப் பெட்டியின் எடைக்கு எதுவும் நிற்கவில்லை.]

"மொத்தம் எத்தனை படிம்மா?" என்றார் அலுவலர்.

"அறுபத்தெட்டாம். இறங்கிப் பார்த்தாத்தானே எனக்குத் தெரியும்," என்றாள் தங்கை. அவளுக்கு ஐம்பது வயது, முதல் ஓட்டு. "நாற்காலி ஒண்ணுதான் இருக்கு. முறை போட்டு உட்காருங்க."

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். அண்ணனுக்குச் சுருக்கென்றது.

"இந்த வீட்டுல அவளை யாரும் தடுத்ததில்ல. எழுதிக்குங்க."

"அதுக்குப் படிவத்துல இடமில்லைங்க."

"தடுக்கலதான் அண்ணா." தங்கை மை வைக்க விரலை நீட்டினாள். "கூட்டிட்டுப் போகவும் இல்லையே."

(இந்த வரியை மூன்று முறை அடித்தேன். குடும்பத்துக்கு இழுக்குதான். இருக்கட்டும்.)

4

"எல்லாரும் வெளியே நில்லுங்க. ஓட்டு ரகசியம்," என்றார் அலுவலர்.

"நான் அவ கூடப்பிறந்த அண்ணன்."

"அதனாலதான் சார் முதல்ல உங்களைச் சொல்றேன்."

அத்தனை படி ஏறிவந்த நால்வரும் தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். தூக்கி வந்த அதே கைகள், இப்போது பின்னால் கட்டியபடி…

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியவில்லை.)

அண்ணனும்… சரி, நான்தான். நானும் திரும்பி நின்றேன்.

5

இரண்டு முடிவுகள் எழுதியிருந்தேன். ஒன்றில் எங்கள் குடும்பம் எப்போதும் போடும் சின்னத்துக்கே அவள் போடுகிறாள். மற்றதில் எதிர்ச்சின்னத்துக்கு. இரண்டையும் கிழித்துவிட்டேன். எழுதுபவன் எந்த அறைக்குள்ளும் நுழையலாம் என்று நினைத்திருந்தேன். இந்த அறைக்குள் எனக்கு அனுமதி இல்லை. உங்களுக்கும் இல்லை. இப்படிச் சுவர்ப்பக்கம் வந்து நில்லுங்கள்.

உள்ளே அவள் அவசரப்படவில்லை. கதவு திறந்ததும் நான் அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை இன்னும் எழுதவில்லை.