ஏழாம் நம்பர் மலை மண்

மண் ஆராய்ச்சிக்கென்று நுவரெலியாவில் இருந்து தோட்டத்துக்கு வந்த றொசானா மிஸ்ஸை ஐவிக்கு முதல் பார்வையிலேயே பிடிக்கவில்லை. வந்தவள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் எட்டிப் பார்க்காமல், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயாவோடு நின்று சிரித்துச் சிரித்துப் பேசியதைத் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டே ஐவி பார்த்துவிட்டாள். போதாதா?

லயத்துக்குப் பின்னால் ஐவி லீக்ஸும் போஞ்சியுமாகக் காய்கறி போட்டிருக்கும் துண்டு நிலத்துக்கு உறுதிப் பத்திரம் கிடையாது. இருபது வருடமாகக் கொத்துகிறாள், அவ்வளவுதான். அதிலும் பக்கத்துத் துண்டுகளிலும் மிஸ் நாலு நாலு சிவப்புக் கொடி குத்தினாள். மண்ணில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, அவற்றின் டி.என்.ஏ.வை வாசித்துத் தேயிலை மண்ணோடு ஒப்பிடப் போகிறோம், திங்கட்கிழமை கொஞ்சம் மண் எடுத்துச் சோதித்த பிறகுதான் எந்தெந்தத் துண்டை ஆராய்ச்சிக்கு எடுப்பது என்று முடிவு செய்வோம் என்றாள்.

ஐவி தலையை ஆட்டினாள். யாருக்குக் காது குத்துகிறாள் இவள்? நல்ல மண் என்று எழுதிக் கொடுத்தால் மறுநாளே தோட்டத்தை நடத்தும் துரை பிடுங்கித் தேயிலை நட்டுவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை லயத்தில் பாதி பூசைக்கும் மீதி சந்தைக்கும் போயிருந்தது. தலைவலி என்று படுத்த ஐவி எழுந்துபோய், ஏழாம் நம்பர் மலையின் தேயிலைத் தூர் மண்ணை நாலு உரப்பையில் சுமந்து வந்தாள். கொடி நின்ற இடங்களைத் தோண்டி, அதைக் கொட்டி மிதித்தாள். உரம் போட்டுப் போட்டுச் செத்த மண். இதைக் கொண்டுபோய் வாசிக்கட்டும். பக்கத்துத் துண்டுக்காரி காளியாயியிடம்கூட அவள் மூச்சு விடவில்லை.

இரண்டு மாதம் கழித்து மிஸ் ஒரு கடிதத்தோடு வந்தாள். தெரிவான ஆறு துண்டுகளையும் மூன்று வருடத்துக்குத் தோட்ட நிர்வாகம் தொடக்கூடாது, இப்போது கொத்துகிறவர்களே கொத்த வேண்டும் என்று துரையே கையெழுத்துப் போட்டிருந்தார். அன்று கண்டாக்கு ஐயாவிடம் இதற்காகத்தான் பல்லைக் காட்டினாளாம். காளியாயியின் பெயர் இருந்தது. ஐவியின் பெயர் இல்லை.

"உங்க மண்ணு அப்படியே தேயிலை மண்ணு மாதிரி வந்துருச்சுக்கா. ஒப்பிட்டுப் பாக்க வேற மாதிரி மண்ணு வேணும்," என்றாள் மிஸ்.

ஐவி வெட்கத்தை விட்டுச் சொன்னாள்.

"அது என் மண்ணு இல்லங்க மிஸ். நான்தான் ஏழாம் நம்பர் மலையில இருந்து அள்ளிக் கொட்டினேன்."

மிஸ் கோபப்படவில்லை. அதுதான் ஐவிக்கு இன்னும் பொறுக்கவில்லை. வெளிமண் கலந்த இடத்தைச் சேர்க்க முடியாது, திட்டத்தின் முதல் விதியே அதுதான் என்று மெதுவாகச் சொல்லி, ஐவியின் நாலு கொடியையும் பிடுங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த மாதம் கண்டாக்கு ஐயா அளவு நாடாவோடு வந்தார். துரைக்கு அந்த இடத்தின் மேல் கண் இருக்கிறது என்று ஐவி நினைத்தது சரிதான். காளியாயியின் வேலியோரம் சிவப்புக் கொடியைக் கண்டதும் அவர் ஒதுங்கி வந்து, ஐவியின் லீக்ஸ் பாத்தியில் இருந்து அளக்க ஆரம்பித்தார்.