மூன்றாவது பெஞ்சில் எழாதவர்கள்

1

அன்று மூன்றாவது பெஞ்சில் இருந்தவர்கள், நடைபாதைப் பக்கத்திலிருந்து வரிசையாக: என் அக்கா, என் மனைவி, நான், அச்சகத்துக்காரர், சுவரோரமாக என் மகள். பீடத்தில் பூசை வைக்கும் சாமியார். பின்னால் பங்கு மக்கள், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரியும் பந்தல் கான்ட்ராக்டர் அன்று கோயிலிலேயே இல்லை.

இது கதையாகத் தொடங்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அச்சகத்துக்காரர் என்னிடம் கேட்டது நாலு பக்கத்தில் ஒரு விளக்கம். நாங்கள் கத்தோலிக்கர்கள்; அவர் எங்கள் மதத்தைச் சேர்ந்தவர் அல்ல. என் பழைய நண்பர். ஒரு வாடிக்கையாளர் வீட்டுக் கல்யாணப் பூசைக்குப் போய்விட்டு வந்து குறைப்பட்டுக்கொண்டார்.

"எல்லாரும் முட்டி போட்டாங்க மாஸ்டர். நான் மட்டும் விளக்குக் கம்பம் மாதிரி நின்னேன். எப்ப நிக்கணும், எப்ப உட்காரணும்னு எழுதிக் குடுங்க. அச்சடிச்சு உங்க கோயில் வாசல்ல வச்சிடுவோம். எங்கள மாதிரி ஆளுங்களுக்கு உதவும்."

நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அறிவிப்பு எழுதித்தான் பழக்கம். அதனால் இப்படித் தொடங்கினேன்:

'கத்தோலிக்கத் திருப்பலி என்பது இரண்டு பெரும் பகுதிகளைக் கொண்டது. அவற்றுள் முதலாவது'

இதற்கு மேல் பேனா நகரவில்லை. இரண்டாவது தொடக்கம்: 'கோயிலுக்கு வருபவர்கள் கைப்பேசியை அணைத்துவிடவும்.' இதை என் மனைவி படித்துவிட்டு, "ரயில் வருது, தள்ளி நில்லுன்னும் போட்டுடுங்களேன்" என்றாள்.

எழுதுவதற்கு முன் ஒருமுறை பூசைக்கு வந்து பாருங்கள் என்று அச்சகத்துக்காரரை நான்தான் அழைத்தேன். அந்த வாக்கியத்தை இங்கே இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

2

அச்சகத்துக்காரரின் குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாழ்நாளெல்லாம் இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசியவர். அவர் கிசுகிசுத்தால் ஐந்து பெஞ்சுக்குக் கேட்கும்.

சுவிசேஷம் வாசிக்கும்போது எல்லோரும் எழுந்தோம். நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் சிறிய சிலுவை வரைந்துகொண்டோம்.

"இது எதுக்கு?"

"கேக்குற வார்த்தை புத்தியில இருக்கணும், வாயில இருக்கணும், மனசுல இருக்கணும்."

"நல்லாருக்கே. எங்க கடைப் பையன்களுக்கும் இதப் போட்டுவிடலாம்."

பிரசங்கத்துக்கு உட்கார்ந்தோம். மணி அடித்ததும் முழந்தாளிட்டோம். சாமியார் அப்பத்தை உயர்த்தினார்.

"அது ஒரு அடையாளம்தானே மாஸ்டர்?"

"அடையாளம் இல்ல. அவரே."

"அவரேவா?"

"அவரே."

உயர்த்திய அப்பத்தையே பார்த்தார். பிறகு, "அப்ப அதக் கையில வாங்க பயமா இருக்காதா?" என்றார்.

(இத்தனை வருட மறைக்கல்வி வகுப்புகளில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி. பயமாகத்தான் இருக்கும் என்று சொன்னேன். விளக்கப் பிரசுரத்தில் இதற்கு இடம் ஒதுக்கியிருந்தேன். என்ன எழுதுவதென்று தெரியாமல் அந்த இடம் காலியாகவே கிடக்கிறது.)

3

இப்போது ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குள்ள சிக்கல்.

முதல் பிரதியில், 'சுவரோரமாக எங்கள் தூரத்து உறவுப் பெண் ஒருத்தி' என்று எழுதினேன். அடித்துவிட்டு, 'தெரிந்த குடும்பத்துப் பெண்' என்றேன். அதையும் அடித்தேன். பெயர் சொல்லாமல் எழுதுவது குடும்ப மரியாதை. ஆனால் மகளை உறவுக்காரி என்று எழுதுவதற்கு மரியாதை என்று பெயரில்லை.

அவளுக்குக் கோயிலில் ஊர் மெச்சக் கல்யாணம் செய்துவைத்தோம். அந்தக் கணவன் ஒரு நாள் வேலைக்குப் போனவன், சாயங்காலம் வேறொரு வீட்டுக்குத் திரும்பிப் போனான். கோர்ட்டில் விவாகரத்து கிடைத்தாலும், அந்தக் கல்யாணம் செல்லாது என்று திருச்சபையின் நீதிமன்றமும் சொன்னால்தான் கோயிலில் மறுகல்யாணம். மனு போட்டுக் காத்திருக்கிறோம். இதற்கிடையில் அவள் பதிவு அலுவலகத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். நான் போகவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் அச்சகத்துக்காரர்.

[கண்ணாடிக் கடைக்காரர் என் மருமகன். இந்தச் சொல்லை இப்போதுதான் முதல்முறை எழுதுகிறேன்.]

எங்கள் முறைப்படி, இப்படி இருப்பவர்கள் பூசைக்கு வரலாம், நன்மை வாங்க முடியாது. நன்மை என்பது அந்த அப்பத்தை உட்கொள்வது. பங்கில் யாருக்கும் இந்த இரண்டாவது கல்யாணம் தெரியாது. மகள் வேலை நிமித்தமாகத் தனியாக இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தோம். அவளும் அதற்கு ஒத்துழைத்தாள். வாசலோரம் உட்காருவாள், நன்மை நேரம் வருவதற்குள் நழுவிவிடுவாள். யாரும் யாரிடமும் பேசி முடிவு செய்யாத ஏற்பாடு அது. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று அச்சகத்துக்காரர் திரும்பிப் பார்த்தார். "பாப்பா! அங்க ஏன் உட்கார்ந்திருக்க? இங்க வா, இடம் இருக்கு!"

கோயிலே திரும்பிப் பார்த்தது. அவள் வந்தாள்.

4

நன்மை நேரம் வந்தால் முன்பெஞ்சிலிருந்து ஒவ்வொரு வரிசையாக எழுந்து போவார்கள். எங்களுக்குள் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பழக்கம் உண்டு. எழாதவர் யார் என்று பார்ப்போம். பார்க்கவில்லை என்று சொல்பவர்களும் பார்ப்பார்கள். நானும் இத்தனை காலம் பார்த்திருக்கிறேன். எழாதவருக்கு ஏதோ பெரிய பாவம் என்று அர்த்தம்.

அக்கா எழுந்தாள். மனைவி எழுந்தாள். நான் பாதி எழுந்தேன்.

"மாஸ்டர், நான் வெளியாளு, உட்கார்ந்திருக்கேன், சரி. பாப்பா ஏன் உட்கார்ந்திருக்கு?"

கிசுகிசுத்தார். ஐந்து பெஞ்சு.

5

நான் சொன்ன பதில், பிரதி ஒன்று: "அவளுக்குத் தலைவலி."

பிரதி இரண்டு: "பூசை முடிஞ்சதும் சொல்றேன்."

பிரதி மூன்றில் நான் ஒரு நீண்ட வசனம் பேசுகிறேன். இரக்கம், சட்டம், தகப்பன் மனசு எல்லாம் வருகிறது. அக்கா அழுகிறாள். அதைக் கிழித்துவிட்டேன். என் அக்கா அழுகிறவள் அல்ல.

உண்மையில் நான் சொன்னது, "அவளால முடியாது" என்பது மட்டும். சொன்ன பிறகு, பாதி எழுந்த நான் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். முன்னால் போனால் அவள் தனியாக இருப்பாள். உட்காரலாமென்றால், எங்கள் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டார் எழாமல் இருந்ததேயில்லை. உட்கார்ந்துவிட்டேன். தீர்மானித்து உட்கார்ந்தேனா, கால் விட்டுவிட்டதா என்று வாசகர் கேட்டால் எனக்குத் தெரியாது. கதைக்கு முதலாவதுதான் அழகு.

"அப்பா, போங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"பேசாம இரு. கோயில்ல பேசக்கூடாது."

வாயில் நன்மையோடு திரும்பி வந்த அக்காவால் பேச முடியவில்லை. கண்ணாலேயே என்னை உரித்தாள். நான் பாட்டு எண் எழுதிய பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன பாட்டு என்று இன்றுவரை தெரியாது.

6

வீட்டுக்கு வந்ததும் மனைவி சமையலறையிலிருந்து சொன்னாள்: "என்னங்க, நீங்க பூசைக்குக் கிளம்புறப்ப டீ குடிச்சிட்டீங்கன்னு சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"கேட்டவங்க எல்லார்கிட்டயும்."

நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீர் தவிர எதுவும் வாயில் படக்கூடாது. ஆகவே டீ என்பது கௌரவமான காரணம். பாவம் செய்தவன் ஆகாமல், ஞாபகமறதிக் கிழவன் ஆகிவிடலாம்.

"அவளுக்கு?"

"அவளும்தான் உங்ககூடச் சேர்ந்து குடிச்சா."

அக்கா இதைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, ஒரு டீ. குடிச்சேன்னு தலையாட்டிட்டுப் போ. நம்ம வீட்டு மானம் அப்படியே இருக்கும்."

"அவ?"

"அவ பழையபடி பின்னால உட்காருவா. இப்ப என்ன கெட்டுப்போச்சு?"

சாயங்காலம் மகள் போன் செய்தாள். "டீ கதைய அம்மா சொன்னாங்க. நல்லாருக்குப்பா. அதையே வச்சுக்கோங்க. நான் இனிமே அந்தக் கோயிலுக்கு வரல. வீட்டுக்கும் கொஞ்ச நாள் வரல."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். மளிகைக் கடையில் பாக்கிச் சில்லறை இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

நான் இதை எழுத உட்கார்ந்தது அன்றுதான். அச்சகத்துக்காரர் படித்துவிட்டு, "எப்ப நிக்கணும் உட்காரணும்னு கேட்டேன். நீங்க வேற என்னமோ எழுதியிருக்கீங்க" என்றார். பிறகு, "பாப்பாகிட்டக் கேட்டீங்களா?"

போனில் முழுவதையும் படித்துக் காட்டியிருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "இத நிஜமாவே கோயில் வாசல்ல வைப்பீங்களா?"

வைக்கிறேன் என்று சொன்னேன். வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை.

7

முடிவுகள் சில கைவசம் உண்டு. இன்று அவள் வந்து மூன்றாவது பெஞ்சில் உட்காரலாம். கண்ணாடிக் கடைக்காரரும் வரலாம். அச்சகத்துக்காரர் அவருக்கு இடம் விட்டு நகரலாம். அல்லது சுவரோரம் காலியாகவே இருக்கலாம். அல்லது திருச்சபை நீதிமன்றத்தின் தீர்ப்பு இன்றே வந்து எல்லாம் சுபமாகலாம். அந்தத் தீர்ப்பு வரவில்லை. கதைக்காக நான் அதை வரவழைக்கப் போவதுமில்லை. வேண்டியதை வாசகர் எடுத்துக்கொள்ளட்டும். பூசைக்கு நேரமாகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் வாசகர் விருப்பத்துக்கு விடுவதற்கில்லை. நான் டீ குடித்திருந்ததாகப் பங்கில் ஒரு பேச்சு இருக்கிறது. என் மனைவி சொன்னதாகவே இருந்தாலும் அது உண்மையல்ல. அன்று காலை நான் டீ குடிக்கவில்லை. என் மகளும் குடிக்கவில்லை.