கொலை செய்தவர் எழுந்து நிற்கவும்

என் வீட்டுக்காரர் பத்தொன்பது வருஷம் வாத்தியார். மூன்று வருஷத்துக்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேலையை விட்டுவிட்டு நாவலாசிரியர் ஆனார். ஆனதுதான் ஆனார், ஒரு வகையோடு நிறுத்தக்கூடாதா? முதல் பீரியட் பேய்க்கதை, இரண்டாவது காதல், இடைவேளைக்குப் பிறகு கொலை. சுவரில் கால அட்டவணை, மேசையில் அலாரம். மணி அடித்தால் காதலியின் கையைப் பாதியில் விட்டுவிட்டுப் பிணத்திடம் போய்விடுவார்.

டைப் அடிப்பது நான். அங்கேதான் வந்தது வினை. இவர் கதையில் பேய் வாசலிலேயே நின்று, "உள்ளே வரலாமா?" என்று கேட்கும். காதலன், "உன்னை நேசிக்கக் காரணங்கள் மூன்று" என்று தொடங்குவான். துப்பறியும் அதிகாரியோ தடயம், சாட்சி எதையும் தேட மாட்டார். எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்து, "யார் செய்தது? உண்மையைச் சொன்னால் அடிக்க மாட்டேன்" என்பார். கொலைகாரன் விசும்பிக்கொண்டே எழுந்து நிற்பான். பதினொரு கொலை, பதினொரு பேரும் இப்படியே எழுந்து நின்றார்கள்.

ஐயோ, மனுஷி என்ன செய்வாள்? வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடுவேன். கண்ணெல்லாம் தண்ணீராகத் திரும்பி வந்தால், "பயந்துட்டியா?" என்று ஆசையாகக் கேட்பார்.

"ஈரக்குலையே நடுங்கிடுச்சுங்க" என்பேன். அந்த முகம் மலர்வதைப் பார்த்திருந்தால் நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

மூன்று வருஷத்தில் ஒரு பதிப்பாளரும் சீந்தவில்லை. போன வாரம் இவருடைய பழைய பள்ளித் தலைமையாசிரியை போனில் கூப்பிட்டு, "இடம் காலியா இருக்கு சார். வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் வெச்சிருப்பேன்" என்றார்.

"போயிடுங்களேன்" என்றேன் நான்.

"கொலை நாவலை ஒரு பதிப்பாளருக்கு அனுப்பியிருக்கேன், பதில் வரட்டும். அதுவும் இல்லேன்னா போறேன்" என்றார். அன்றிலிருந்து மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை பதிப்பாளரே போன் செய்தார். இவர் எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், புத்தகமாப் போடுறோம்! ஆபீஸே வயிறு வலிக்கச் சிரிச்சுது. அட்டையில 'நகைச்சுவை நாவல்'னு போட்டுடலாமா?"

இவர் முகம் செத்துப்போயிற்று. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டார். அலாரம் அடித்தது. இவர் அசையவில்லை, நான்தான் போய் அமுக்கினேன்.

"சிரிக்கிறதுக்கா எழுதினேன்? நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கே போயிடுறேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ ஒருத்தி பயந்தேங்கிற தைரியத்துலதான் மூணு வருஷம் எழுதினேன். நீயும் சிரிச்சியா?"

நான் நாற்காலியில் உட்கார்ந்து, டைப் அடித்த தாள்களை அடுக்கத் தொடங்கினேன்.

"உண்மையைச் சொல்லு. அடிக்க மாட்டேன்."

என்ன மாயமோ, விசும்பல் வந்துவிட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன்.

இவர் என்னையே பார்த்தார். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணெல்லாம் தண்ணீராகத் திரும்பி வந்தார்.

"பயந்துட்டீங்களா?" என்றேன்.

"முதல்ல நீ உக்காரு" என்று சொல்லிவிட்டுப் பதிப்பாளருக்குப் போன் போட்டார்.