மருமகளைப் பெண் பார்க்க வந்தவர்

கல்யாணமாகி ஆறு வருஷமான என் மனைவியைப் பெண் பார்க்க ஆள் வருகிறது என்று எங்கள் சந்து முழுக்கப் பேச்சு. கிளப்பிவிட்டவர் என் தாய்மாமா இசக்கிதுரை. இட்லி மாவு அரைத்து விற்பது அவருக்குத் தொழில். சம்பந்தம் பேசுவது அவருக்கு உயிர். தாராவியில் எங்கள் ஊர்க்காரர் வீட்டுப் பெண்ணை யார் பார்க்க வந்தாலும் நடுவில் வெற்றிலைத் தட்டோடு மாமா உட்கார்ந்திருப்பார்.

விஷயம் இதுதான். என் மனைவி முத்துமாரி ஐரோலியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்கிற கம்பெனி. எந்த நோயாளிக்கு எவ்வளவு மருந்து என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுச் சொல்லும். அது சரியாகச் சொல்கிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவள் பொறுப்பு. நான் நைன்ட்டி ஃபீட் ரோட்டில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். உடைந்த கண்ணாடி மாற்றுகிறவனுக்கு இப்படி ஒரு மனைவியா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கே அந்தச் சந்தேகம் இருப்பதால் நான் கோபப்படுவதில்லை.

அவளுக்கு ஆஸ்திரேலியா போக விசா கேட்டிருந்தோம். திறமைக்காரர்களுக்கென்றே இருக்கிற விசா. அதில் ஒரு கொக்கி. அதே துறையில் அங்கே பேர் பெற்ற ஒருவர், 'இவள் திறமைக்கு நான் சாட்சி' என்று தன் பெயரைப் போட்டு நாமினேட் செய்ய வேண்டும். அது கிடைக்காவிட்டால் மற்ற காகிதங்களில் வடை மடித்துக் கொடுக்கலாம். ஏற்கெனவே இரண்டு பேர் மன்னிக்கவும் என்று எழுதிவிட்டார்கள். மிச்சம் இருந்தது டாக்டர் வந்தனா ஒருவர்தான். மெல்போர்னில் பேராசிரியர், பிறந்து வளர்ந்தது தாராவியை ஒட்டிய மாட்டுங்கா.

அவர் எழுதிய பதில் சுருக்கமாக இருந்தது. 'உங்கள் காகிதங்களைப் படித்தேன். எல்லா ஏஜென்ட்டும் எழுதுகிற மாதிரியே இருக்கிறது. அம்மாவைப் பார்க்க மும்பை வருகிறேன். உங்களையும் நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன். வீட்டுக்கே வரலாமா?'

இதை நான் மாமாவுக்குப் படித்துக் காட்டியதுதான் தப்பு.

"ஏல மாப்ள, நம்ம புள்ளய வேற எடத்துக்கு அனுப்பப் போறோம். அவிய வீட்டுக்கு வந்து பாக்காவ. புடிச்சா கூட்டிட்டுப் போவாவ. இதுக்குப் பேரு என்னல?" என்றார் மாமா.

யோசித்துப் பார்த்தேன். எனக்கும் வேறு பேர் தோன்றவில்லை.

"அரே, அவங்க என் வேலையப் பத்திக் கேப்பாங்க மாமா. நானே பேசிக்கிடுதேன்" என்றாள் முத்துமாரி.

"பொண்ணு பேசப்படாது. பெரியவங்கதான் பேசணும். நீ தலையக் குனிஞ்சு உக்காரு, போதும்" என்று மாமா முடித்துவிட்டார்.

பெரியவங்க என்றால் என் அம்மா பேராச்சி. இங்கேதான் சிக்கல். அம்மா இந்த ஆறு வருஷத்தில் மருமகளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. குழாயடியில், ரேஷன் கடையில், கோயிலில், எங்கே நாலு பேர் நின்றாலும் முத்துமாரி புராணம்தான். சாஸ்திரத்துக்குக்கூட நடுவில் மூச்சு விட மாட்டாள். அப்படிப்பட்டவளுக்கு மாமா நாலு நாள் பாடம் நடத்தினார். "என் மருமவ தங்கம்னு சொல்லுக்கா." அம்மா பாகற்காயைக் கடித்த முகத்தோடு, "என் மருமவ... தங்கம்" என்பாள்.

செம்பூரில் எங்களுக்கு விசா ஏஜென்ட் ஒருவர் இருந்தார். அவரும் தன் பங்குக்கு எச்சரித்திருந்தார்: முத்துமாரி கம்பெனியில் ஒருமுறை சண்டை பிடித்த கதை வெளியே வரவே கூடாது, சண்டைக்காரியை எந்த நாடு கூப்பிடும் என்று. காகிதங்களிலிருந்து அந்தச் சமாச்சாரத்தையும் அதை ஒட்டியதையும் சுத்தமாகத் துடைத்திருந்தார். ஆக முத்துமாரிக்கு வாய்ப்பூட்டு போட நாங்கள் மூன்று ஆண்பிள்ளைகள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பக்கத்து வீட்டு ரஷீதா அக்காவின் சோபா எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் நாங்கள் நிற்க இடமில்லாமல் போயிற்று. கேசரி, வாழைக்காய் பஜ்ஜி, ஃபில்டர் காபி. முத்துமாரி கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்க்கும் போதெல்லாம் பல்லைக் கடித்தாள்.

டாக்டர் வந்தனா காட்டன் குர்த்தாவும் முதுகில் பையுமாக ஒண்டியாக வந்து நின்றார். பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று மாமா சந்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"மாட்டுங்காவில இருபத்தி மூணு வருஷம் இருந்திருக்கேன். தாராவிக்குள்ள இன்னிக்குத்தான் வரேன். வெக்கமா இருக்கு" என்றபடி உட்கார்ந்து, ஒரு நோட்டை எடுத்து மடியில் வைத்தார். பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே நேராக விஷயத்துக்கு வந்தார். "முத்துமாரி, வேலையில நீங்க எடுத்த கஷ்டமான முடிவு ஒண்ணு சொல்லுங்கோளேன்."

முத்துமாரி வாயைத் திறந்தாள். மாமா முந்திக்கொண்டார். "அவ என்னத்தம்மா சொல்லுவா, சின்னப்புள்ள. யக்கா, நீ சொல்லு."

அம்மா கண்ணை மூடி ஒப்பிக்க ஆரம்பித்தாள். "என் மருமவ தங்கம். எதுத்து ஒரு வார்த்த பேச மாட்டா. ஆபீசுல மேனேஜர் கிழிச்ச கோட்டத் தாண்ட மாட்டா. எதுன்னாலும் அட்ஜஸ்ட் பண்ணிப் போவா. இருக்க எடம் தெரியாம இருப்பா."

ஒவ்வொரு வரிக்கும் வந்தனா "ஓ" என்றார். ஒவ்வொரு ஓவும் முந்தியதைவிடச் சின்னதாக இருந்தது. கடைசி வரிக்கு ஓவே இல்லை. பேனாவை மூடினார்.

"நல்ல பொண்ணுதான், சந்தேகமில்லை. ஆனா சொன்னதைச் செய்யற ஆட்கள் அங்கேயே நிறைய இருக்கா. நான் ஒருத்தருக்குப் பேர் போடணும்னா..." என்று தயங்கியவர், நோட்டைப் பைக்குள் வைக்கப் போனார். போச்சு. அவ்வளவுதான்.

நாலு நாள் பாடுபட்டு மனப்பாடம் செய்ததை ஒருவர் வேண்டாம் என்றதும் அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏன் தாயி, தங்கம்னு சொன்னா நம்ப மாட்டியளா?"

"தங்கமா இருந்தா எனக்குப் பிரயோஜனம் இல்லைம்மா" என்று சிரித்தார் வந்தனா.

"நல்ல வேள! எனக்கும் நாலு நாளா வாய் வலிக்கி" என்று அம்மா சேலையை இழுத்துச் செருகினாள். மாமா "யக்கா, யக்கா" என்று கையைப் பிடித்தார். உதறிவிட்டாள். "இவளா எதுக்க மாட்டா? எங்கிட்டக் கேளுங்க. என் கொழுந்தன் மவன் கல்யாணம் சான்பாடாவுல. தாலி கட்டுத நேரம். இவளக் காணும். பாத்தா பந்தி நடக்க எடத்துக்குப் பின்னால, பாத்திரத்துக்கு நடுவுல உக்காந்து கம்ப்யூட்டர்ல இங்கிலீசுல பேசிட்டு இருக்கா."

"யாரோட?" என்றார் வந்தனா.

முத்துமாரி முதல்முறையாகத் தலையைத் தூக்கினாள். "ஜெர்மனியில ஒரு மாநாடு மேடம். ஆன்லைன்ல என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தாங்க."

பேனா திறந்தது. அம்மாவுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. "அது போவட்டும். ராத்திரி பகலா உக்காந்து என்னமோ ஒண்ணு செஞ்சா. நல்லா வித்திருக்கலாம்லா? ஓசியில தூக்கிக் குடுத்துட்டா தாயி! கண்டவனும் எடுத்துக்கிடலாமாம். ஊரு பேரு தெரியாத வெள்ளக்காரனெல்லாம் இவளுக்கு தேங்க்யூ எழுதுதான். தேங்க்யூவ வச்சு நாக்கு வழிக்கவா?"

"மருந்தளவு சரியான்னு சோதிக்கிற டூல் மேடம். யார் வேணா எடுத்துக்கட்டும்னு நெட்ல போட்டேன். பல நாட்டு ஆஸ்பத்திரியில பயன்படுத்துறாங்க" என்றாள் முத்துமாரி.

"இது ஏன் உங்க பேப்பர்ல இல்லை?" என்று வந்தனா என்னைப் பார்த்துக் கேட்டார். நான் ஏஜென்ட் என்று ஆரம்பித்து இருமலில் முடித்தேன்.

அம்மா இப்போது நல்ல ஓட்டத்தில் இருந்தாள். "இந்தத் தொல்லயெல்லாம் அங்கயும் நாந்தான பாக்கணும். அங்கன ஒரே குளிராமே? ரெண்டு ஸ்வெட்டர் வாங்கி வச்சிட்டேன். இவளுக்கு ஒழுங்கா ஒரு ரசம் வைக்கத் தெரியாது. நான் இல்லாம என்ன செய்வா?"

வந்தனாவின் முகம் மாறியது. என்னையும் முத்துமாரியையும் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்த விஷயம் அது.

"அம்மா, உங்ககிட்ட யாரும் சொல்லலையா?" என்று வந்தனா மெதுவாகச் சொன்னார். "இந்த விசால புருஷனையும் குழந்தைகளையும்தான் சேத்துக்க முடியும். மாமியாருக்கு இடம் கிடையாது. எப்பவாவது வந்து பாத்துட்டுத் திரும்பலாம். அவ்வளவுதான்."

வெளியே சந்தில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அவளுக்கு நான் ஒரே பிள்ளை. அப்பா போன பிறகு இந்த ஒரே அறையில் என்னை வளர்த்தவள். அவளை ஏமாற்றிவிட்டது போல எனக்குக் கேவலமாக இருந்தது. முத்துமாரி எழுந்து அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நாம வேற நாள் பேசலாமா?" என்றார் வந்தனா.

"வேண்டாம் தாயி, கேளுங்க" என்றாள் அம்மா. குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இவ்வளவும் செய்யறவ, அந்த டூலை எதுக்காகச் செஞ்சா? அதைத்தான் தெரிஞ்சுக்கணும்."

முத்துமாரி அம்மாவைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அவளாகச் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இனி அவள் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் மாமியாரைத் தனியாக விட்டுப் போகத் தானே வழி செய்தது போல ஆகிவிடும்.

அம்மாதான் சொன்னாள். "கம்பெனியில ஒரு சண்ட. பச்சப்புள்ளைக்கு மருந்து தப்பா சொல்லுது, சரி பண்ணாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டா. மேனேஜர் ஸ்வீட் பாக்ஸோட இந்த வீட்டுக்கே வந்துட்டாரு. இதே எடத்துல உக்காந்து கெஞ்சுனாரு, அப்புறம் மெரட்டுனாரு."

"கடைசியில கையெழுத்துப் போட்டாளா?" என்றார் வந்தனா.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு மருமகளைப் பார்த்தாள். போட்டா என்று ஒரு வார்த்தை போதும். அவள் சொன்னால் முத்துமாரி மறுத்துப் பேச மாட்டாள், அன்றைக்கு மட்டும் நிச்சயமாகப் பேச மாட்டாள். விசாவும் இல்லை, ஆஸ்திரேலியாவும் இல்லை. நாங்கள் மூன்று பேரும் இதே வீட்டில் இருந்திருப்போம். அம்மாவுக்கு அது புரிந்துவிட்டது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"போடல" என்றாள் அம்மா. "நானே சொன்னேன் தாயி, போட்டுரு, வேல போயிரும்னு. கால்ல விழாத கொறதான். 'அத்த, நமக்கு ஒரு புள்ள பொறந்து, அதுக்கு இந்த மருந்த ஊத்துனா நீங்க போடச் சொல்லுவியளா'ன்னு கேட்டா. வந்த மனுசனுக்கு ஒரு வாய் காப்பிகூடக் குடுக்காம அனுப்பிட்டா. பிரமோஷன் போச்சு. எல்லா ஆஸ்பத்திரிக்கும் இந்தத் தப்பு தெரியணும்னு உக்காந்து அதச் செஞ்சா. அன்னையிலருந்து இவமேல எனக்குக் கோவம். அவ சொன்னது சரிங்கதுதான் கோவம்."

வந்தனா வெகுநேரம் எழுதினார். பிறகு நோட்டை மூடிவிட்டு, எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார்: "நான் நாமினேட் பண்றேன்."

மாமா கையைத் தட்டப் போய், அம்மா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் ஏங்கிக் காத்திருந்த சேதி. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது, ஆனால் முடியவில்லை. முத்துமாரி அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். அம்மா அவளைத் தள்ளவும் இல்லை, அணைக்கவும் இல்லை. தரையில் யாரோ சிந்தியிருந்த காபியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வாசல் வரை போய் வந்தனாவை வழியனுப்பியதும் அம்மாதான். செருப்பை மாட்டக் குனிந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவம் வந்தா சாப்பிட மாட்டா தாயி. ரெண்டு தடவ கூப்பிடணும். எம்புள்ள. நல்லாப் பாத்துக்கிடுங்க."